கொதிக்க வைக்கக் கூடாது

கம்பியின் வாயில் இப்போது கம்பி கிடையாது. பல் டாக்டர் அதைக் கழற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் பெயரைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. வகுப்பிலும் கம்பிதான், வீட்டிலும் கம்பிதான். தம்பி மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் ‘கம்பியக்கா’ என்பான்.

அதற்கு முன்னால் அவள் பெயர் ஜன்னல். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. பென்சிலின் கூர்முனை தாராளமாக நுழையும். அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்து இருக்கை ரேடியோ. அவளுக்கு ஏன் ரேடியோ என்று பெயர் வந்தது என விளக்க வேண்டியதில்லை. அவள் பேச ஆரம்பித்தால், நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்கே தெரியாது.

ஜன்னலைச் சாத்த இரண்டு வருடம் பிடித்தது. கம்பியை முறுக்கும் ஒவ்வொரு முறையும் எதையும் கடிக்க முடியாது. பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அம்மா யாரிடமாவது கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு, தான் தூங்க வேண்டிய நேரத்தில் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவாள். போகும் பஸ்ஸில் அம்மா தூங்குவாள். திரும்பும் பஸ்ஸில் இருவரும் தூங்குவார்கள்.

கம்பியைக் கழற்றிய அன்று, கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அப்பாடா, முடிஞ்சுது!” என்றாள் கம்பி.

“யார் சொன்னது?” என்றார் பல் டாக்டர்.

அவர் கையில் மெல்லிய, நிறமே இல்லாத ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அவளுடைய பல்வரிசை போலவே அது வளைந்திருந்தது.

“இதுக்குப் பேரு ரிட்டெய்னர். உன் பல்லெல்லாம் இப்போ, வகுப்புல இடம் மாத்தி உட்கார வெச்ச பசங்க மாதிரி. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினா போதும், நைசா பழைய இடத்துக்கே நகர்ந்துடும். இதுதான் டீச்சர். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் மட்டும் கழட்டலாம். கழட்டினா பெட்டியில வைக்கணும். குளிர்ந்த தண்ணியிலதான் கழுவணும். சுடுதண்ணி ஆகாது. புரிஞ்சுதா?”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“இப்போதைக்கு ராத்திரி பகல் எப்பவும். அப்புறம் ராத்திரி மட்டும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும் ராத்திரி மட்டும்.”

எங்கேயாவது போய் உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது கம்பிக்கு. அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள்.

ரிட்டெய்னரோடு ஒரு நீலப் பெட்டியையும், அவளுடைய பற்களின் பிளாஸ்டர் அச்சையும் கொடுத்தார்கள். “இந்த அச்சுமேலதான் உன் ரிட்டெய்னரைச் செஞ்சோம். பத்திரமா வெச்சுக்கோ” என்றார் டாக்டர். அம்மா வெளியே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இது எதுவும் விழவில்லை.

அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் துண்டுகளும் அங்கேதான் மலைபோல வந்து குவியும். விடியும் முன் கிளம்புவாள். மதியத்துக்கு மேல் திரும்பும்போது தலைமுடியில்கூட நீராவி வாசம் அடிக்கும். அப்பா லாரி ஓட்டுகிறார். வாரக் கடைசியில் வந்தால் உண்டு. வந்ததும் முதல் வேலையாகப் படுப்பார். அந்த வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜ்கூடப் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும்.

எவ்வளவு களைத்தாலும் அம்மாவிடம் ஒரு பழக்கம் மாறாது. கண்ணில் படுவதையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். கரண்டி, தண்ணீர் பாட்டிலின் மூடி, தம்பியின் ரப்பர் வாத்து, எதுவும் தப்பாது.

“கொதிக்காத தண்ணியில கழுவுறது கழுவுறதே இல்ல, சும்மா நனைக்கிறது” என்பாள்.

“அம்மா, வாத்து ஏன் அழுவுற மாதிரி இருக்கு?” என்று தம்பி ஒருநாள் கேட்டான். குளித்து வந்த வாத்தின் அலகு ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது.

துணிகளில் மட்டும் அம்மா ஜாக்கிரதை. சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைப் படிக்கக் கம்பிக்குக்கூடச் சொல்லித் தந்திருந்தாள். லேபிளில் எழுத்து இருக்காது, குட்டிக் குட்டிப் படங்கள்தான். தொட்டிக்குள் ஒரு கை இருந்தால், கையால் மட்டும் அலச வேண்டும். தொட்டியின்மேல் பெருக்கல் குறி இருந்தால், தண்ணீரில் போடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியின்மேல் பெருக்கல் குறி இருந்தால், இஸ்திரி கூடாது.

“லேபிளைப் பார்க்காம கை வைக்கவே மாட்டேன்” என்பாள் அம்மா. லேபிள் இல்லாத எல்லாம் கொதிதண்ணீருக்குத்தான்.

ரிட்டெய்னரில் லேபிள் இல்லை.

முதலில் சில நாட்கள் கம்பி ஒழுங்காகத்தான் மாட்டினாள். பிறகு அலுத்துப்போனது. அதைப் போட்டுக்கொண்டு பேசினால் ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆகிவிடும். வகுப்பில் ஒருமுறை எழுந்து, “ஷார், ஒரு ஷந்தேகம்” என்றாள். ரேடியோ அதை நாள் முழுக்க ஒலிபரப்பினாள்.

இது போதாதென்று, சாப்பிடும் முன் கழற்ற வேண்டும், பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பிட்ட பின் கழுவ வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். பெட்டியோ எப்போதும் புத்தகப் பையின் அடியில் கிடக்கும். அதை எடுக்கப் பையையே கவிழ்க்க வேண்டும்.

ஒருநாள் காலை, பையைக் கவிழ்க்க அலுப்பாக இருந்தது. கழற்றிய ரிட்டெய்னரைப் பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் இருந்த ஒரு டம்ளரில் போட்டாள். சாப்பிட்டாள். அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அன்று அவள் திரும்பி வந்தபோது, அம்மா சமையலறை மேஜையில் கன்னத்தைக் கையில் தாங்கிக் கண்ணை மூடியிருந்தாள். அவள் எதிரில் ஒரு வெள்ளைத் துணி. துணியின்மேல் ரிட்டெய்னர்.

“வந்துட்டியா?” அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “டம்ளர்ல கிடந்துது. ஒரே வழவழப்பு. நல்லா கொதிக்க வெச்சு எடுத்துட்டேன். பாரு, பளபளன்னு இருக்கு.”

பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது கம்பியின் பற்களைப் போல இல்லை. இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, காய்ந்துபோன இலை மாதிரி இருந்தது.

‘அம்மா, என்னம்மா பண்ணினே!’ என்று தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் அம்மாவின் கை கண்ணில் பட்டது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. மணிக்கட்டில் நீராவி பட்ட சிவப்பு.

“நல்லா இருக்கா?” என்றாள் அம்மா.

“நல்லா இருக்கும்மா.”

“அதானே.” அம்மா மேஜையிலேயே தலை சாய்த்தாள்.

குளியலறைக்குப் போய்க் கம்பி அதை மாட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஈறைக் கடித்தது. மறுபக்கம் பல்லிலேயே ஏறவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா மறுபடி ஷிப்டை மாற்றக் கெஞ்ச வேண்டும். மறுபடி பஸ். எல்லாவற்றுக்கும் மேலே, அதைக் கெடுத்தது தன் கொதிதண்ணீர்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தூங்குகிற அம்மாவின் தலையில் இதையும் ஏற்றுவதா? கம்பி ரிட்டெய்னரைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அம்மா, “மாட்டினியா?” என்று கேட்பாள்.

“ம்” என்பாள் கம்பி. ‘ம்’ சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை.

படிக்கும்போது ஒரு விரலால் முன்பற்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல்தான் வலித்தது. வீட்டில் உதடு திறக்காமல் பேசினாள், உதடு திறக்காமல் சிரித்தாள். மறைப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. ரிட்டெய்னர் மாட்டுவதே இதைவிடச் சுலபம்.

ஒருநாள் இடைவேளையில் ரேடியோ பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அப்படி நடப்பது அபூர்வம்.

“ஏய், ‘ஈ’ன்னு காட்டு.”

“எதுக்கு?”

“காட்டேன்டி.” ரேடியோ குனிந்து பார்த்தாள். “ஜன்னல் திறக்குது.”

“சும்மா இரு.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? முழுசா இல்ல. காத்து வர்ற அளவுக்கு.” ரேடியோவின் குரல் இறங்கியது. “மறுபடியும் கம்பி கட்டுவாங்களா? உனக்கு எவ்ளோ வலிச்சுது! வெறும் பாலைக் குடிச்சுட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்திருப்பியே.”

கம்பி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லல” என்றாள் ரேடியோ. அவள் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பி தையல் நூலை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் விட்டுப் பார்த்தாள். கம்பி கழன்ற புதிதில் நூல் சிக்கிக்கொண்டு இழுத்தால்தான் வரும். இப்போது சிரமமே இல்லாமல் போய் வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா கைபேசியோடு வந்தாள்.

“இங்க வா, சிரி. வேலையில எல்லாரும் கேக்கறாங்க. ‘ரெண்டு வருஷமா ஷிப்டை மாத்தி மாத்திப் போனியே, பொண்ணு பல்லைக் காட்டு’ன்னு.”

கம்பி சிரித்தாள்.

“வாயைத் திறடி. பூட்டு போட்ட மாதிரி சிரிக்கிறே.”

“எனக்கு இப்படித்தாம்மா சிரிப்பு வருது.”

அம்மா படத்தைப் பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “சரி, விடு. நாளைக்கு எடுத்துக்கலாம். நானும் களைச்சுப்போயிருக்கேன், நீயும் களைச்சுப்போயிருக்கே.”

நாளைக்கு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். அம்மா எத்தனை நாளைக்குத்தான் நாளைக்கு என்பாள்?

“அம்மா.”

“ம்?”

“ஒரு விஷயம் சொல்றேன். திட்டறதா இருந்தா, தூங்கி எழுந்து திட்டும்மா.”

அம்மாவுக்கு உடனே முழு விழிப்பு வந்துவிட்டது. கம்பி நீலப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தாள்.

“நான் இதைப் பெட்டியில வைக்காம டம்ளர்ல போட்டுட்டுப் போயிட்டேன். அது என் தப்பு. சுடுதண்ணி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்போ நீ தூங்கிட்டு இருந்தே. நானாவது வந்து உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. இத்தனை நாளா மாட்டவும் இல்ல. மாட்ட முடியல.”

அம்மா ரிட்டெய்னரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாத்து மாதிரி ஆயிடுச்சே” என்றாள் மெதுவாக.

பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கம்பிக்குப் பயமாகிவிட்டது. “அம்மா, அழாதம்மா. பல்லு முழுசா நகரல, லேசாத்தான்...”

அம்மா நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் களைத்தவர்கள் சத்தமில்லாமல் சிரிக்கும் சிரிப்பு.

“வேலைக்குச் சேர்ந்த புதுசுல மேனேஜரோட கம்பளி ஸ்வெட்டரைக் கொதிதண்ணியில போட்டுட்டேன். லேபிளைப் பார்க்கல. வெளிய எடுத்தா, அது உன் தம்பிக்குக்கூடப் பத்தாது.”

“மேனேஜர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமே சொல்லல. அந்தக் குளிர்காலம் முழுக்க என்கூடப் பேசவே இல்ல.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு அம்மா அவள் தாடையைப் பிடித்து, பல்லைப் பார்த்தாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

“உனக்கு ரெண்டு வருஷ வலி. நான் ஒரே கொதியில...” அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “டாக்டர் நம்பர் எங்க?”

“நீ உட்காரும்மா. நான் பேசறேன்.”

எண் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருந்தது. வரவேற்பு மேஜை அக்கா எடுத்தாள். கம்பி நடந்ததைச் சொன்னாள்.

“அந்தப் பிளாஸ்டர் அச்சு இருக்கா?” என்று கேட்டாள் அக்கா. “பல்லு ரொம்ப நகரலேன்னா, அதுமேலயே புதுசு செஞ்சுடலாம். இன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டு வாங்க.”

அச்சு! கம்பி அலமாரியைத் திறந்தாள். இல்லை. மேஜை இழுப்பறையிலும் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து, “கர்ர்ர்!” என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். தம்பி படுத்திருந்தான். அவன் கையில் பச்சை நிறத்தில் ஒரு பல்வரிசை, பொம்மைக் காரை விழுங்கிக்கொண்டிருந்தது.

“டேய்! என் பல்லு!”

“பல்லு இல்ல. முதலை.”

“அதுக்கு யாருடா பச்சை அடிச்சது?”

“முதலை வெள்ளையாவா இருக்கும்?” என்றான் தம்பி, அக்காவின் அறிவை நினைத்து வருந்துபவன் போல.

பிடுங்கலாம். பிடுங்கினால் தம்பி கத்துவான், அம்மா ஓடிவர வேண்டும், அச்சு கீழே விழுந்து உடைந்தாலும் உடையும். கம்பி தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் முகத்தை நீட்டினாள்.

“முதலையைப் பல் டாக்டர்கிட்ட காட்டணும்டா. எவ்ளோ கார் தின்னுது பாரு.”

தம்பி யோசித்தான். “ஊசி போடுவாங்களா?”

“மாட்டாங்க. கண்ணாடி மாதிரி ஒரு தொப்பி மாட்டிப் பாப்பாங்க, அவ்வளவுதான்.”

“அப்போ நானும் வருவேன். அது என்னை மட்டும்தான் கடிக்காது.”

மூன்று பேரும் முதலையுமாகப் பஸ் ஏறினார்கள்.

டாக்டரின் அறைக்கு வெளியே அதே நாற்காலி. அம்மா உட்கார்ந்தாள். பெயரைக் கூப்பிடுவதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

“அம்மாவை எழுப்பட்டுமா?” என்றாள் மேஜை அக்கா.

“வேண்டாம்க்கா. தூங்கட்டும். நானே எல்லாத்தையும் கேட்டுக்கறேன்.” கம்பி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “ம்ம். பசங்க இடத்தை விட்டு எழுந்து நிக்கறாங்க. நல்லவேளை, இன்னும் நடக்க ஆரம்பிக்கல.” பிறகு அச்சைக் கையில் வாங்கினார். “அடடா, இதுக்கு என்ன வியாதி?”

“முதலைன்னா இப்படித்தான் இருக்கும்” என்றான் தம்பி. டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பச்சையைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தி, ஓரம் வெட்டி எடுத்து வரும்வரை கம்பி காத்திருந்தாள். புதிய ரிட்டெய்னரை டாக்டர் மெல்ல ஏற்றினார். முன்பற்கள் இரண்டும் பழைய நாட்களைப் போல விண்ணென்று வலித்தன.

“இறுக்குதா?”

“ரொம்ப.”

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இது ஏறியே இருக்காது. மறுபடி கம்பிதான். இப்போ விடாம மாட்டினா, இதுவே பிடிச்சு உட்கார வெச்சுடும். நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

கம்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். “ஷாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழட்டணும். கழட்டினா பெட்டி. குளிர்ந்த தண்ணி மட்டும். ஷரியா?”

“ஷரி” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கம்பி இரண்டு வேலை செய்தாள். முதலையை ஃபிரிட்ஜின் உச்சியில் குடிவைத்தாள். தம்பி பலமாகப் பேரம் பேசினான். கடைசியில், விடுமுறை நாட்களில் அக்கா முன்னிலையில் முதலையைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சின்னதாக வெட்டி, அதில் எதையோ வரைந்து நீலப் பெட்டியின் மூடியில் ஒட்டினாள். பெட்டியைப் பைக்குள் திணிக்காமல், பாத்திரத் தொட்டி பக்கத்திலேயே, டம்ளர் இருந்த இடத்தில் வைத்தாள். பள்ளிக்குப் போகும்போது அது பையின் வெளி உறையில்தான் போகும் என்று சொல்லிக்கொண்டாள்.

அம்மா பாத்திரம் கழுவ வந்தாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டிகள் உள்ளே போயின. பாட்டில் மூடி போயிற்று. பழக்க தோஷத்தில் கை நீலப் பெட்டியை நோக்கி நீண்டது. நடுவில் நின்றது.

அம்மா பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோனாள். தொட்டி. தொட்டிக்குள் ஒரு கை. பக்கத்தில் இன்னொரு தொட்டி. அதிலிருந்து ஆவி எழும்பியது. அதன்மேல் பெரிய பெருக்கல் குறி.

“கையால் அலசவும்” என்று அம்மா வேலையில் படிப்பதுபோலவே படித்தாள். “கொதிக்க வைக்கக் கூடாது.” சற்று யோசித்தாள். “இஸ்திரி போடலாமா?”

“அம்மா!”

“லேபிள்ல இல்லையே, அதான் கேட்டேன்.” பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். “நில்லு. நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே சிரி.”

கம்பி சிரித்தாள். பல் வலித்தது, ஆனாலும் வாயைத் திறந்தே சிரித்தாள். அம்மாவின் கை தூக்கத்தில் ஆடியது. படத்தில் சமையலறை கலங்கி வந்திருந்தது. கம்பியின் ஒரு காதைக் காணோம். பல் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் அம்மா, கொட்டாவியோடு.

“ஷூப்பர்மா” என்றாள் கம்பி.